பத்து கெஜம்

கெல்சோ கல்லூரி மைதானத்தின் கிழக்கு ஓரம்.
சங்கிலியின் பின்கம்பு என் கையில்,
முன்கம்பு ஓரின் ட்வைட் கையில்.
நடுவே பத்து கெஜம்,
கூடாது, குறையாது.
என் அக்காவைக் கட்டியவன். அப்பாவின் நிலத்தை விற்றவன்.
ஆறு ஆண்டாய் எங்களுக்குள் பேச்சு
இந்தச் சங்கிலி இழுபடும் சத்தம் மட்டும்.

ஃபுட்பால் என்று பெயர்தான்.
காலுக்கு அதிக வேலையில்லை.
பந்தைக் கக்கத்தில் இடுக்கி, தோளால் முட்டி,
நாலு தடவைக்குள் பத்து கெஜம் போக வேண்டும்.
போனால் இன்னும் நாலு.
போகாவிட்டால் பந்து எதிராளிக்கு.
ஓரடி நகர
ஒன்பது அடி வாங்க வேண்டும்.

செப்டம்பர் முதல் சனி: நாற்பத்தொன்றுக்கு மூன்று.
அந்த மூன்றுக்கே ஊர் எழுந்து நின்றது,
பிக்கப்புகளில் ஹாரன் அடித்தார்கள்.
இரண்டாம் சனி அந்த மூன்றும் இல்லை.
மூன்றாவதில் ஹாக்ஸ்டாட்டின் முழங்கால் போனது.
பந்தெறிய வேறு ஆளில்லை.
பயிற்சியாளர் ஸ்விஹார்ட்
அரிசோனாவிலிருந்து வந்த முதலாண்டுப் பையனை உள்ளே தள்ளினார்.
டெல்வின் க்ராஸ்.
முதல் பந்தை எங்கள் பக்கமே எறிந்தான்.
ஓரின் குனிந்தான்.
நான் குனியவில்லை.
என் காபி போனது.

அக்டோபரில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை.
முன்வரிசைப் பையன்கள் ஐவரும்
இரவெல்லாம் குவியல் மேட்டில் கூலி வேலை செய்துவிட்டு
சனிக்கிழமை மதியம்
நகக்கண்ணில் கறுப்பு மண்ணோடு வந்து நின்றார்கள்.
ஆறாவது தோல்விக்குப் போகும் வழியில் பஸ் நின்றுவிட்டதாம்.
இறங்கித் தள்ளினார்கள்.
"இந்தப் பருவத்தில் நம் பிள்ளைகள்
முன்னால் நகர்த்திய முதல் பொருள்"
என்றார் ரேடியோக்காரர்.
சிரித்துவிட்டு
ரேடியோவை அணைத்துவிட்டேன்.

எட்டாவது ஆட்டத்தில் பனி விழுந்தது.
டெல்வின் பார்த்ததில்லை.
பந்தைக் கேட்க வேண்டிய நேரத்தில் அண்ணாந்து நின்றான்,
வாய் திறந்து.
கடிகாரம் ஓடித் தீர்ந்தது.
தாமதத்துக்கு ஐந்து கெஜம் தண்டம்.
யாரும் திட்டவில்லை.
எதிரணியில் ஒருவன்கூட
ஒரு கணம் மேலே பார்த்ததை நான் பார்த்தேன்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும்.
எங்களுக்குச் சாணே ஏறவில்லை,
கடைசி சனிக்கிழமை வரை.

அன்று வந்தவர்கள் அறுபத்தொரு பேர், எண்ணினேன்.
பதின்மூன்றுக்குப் பத்து.
இன்னும் ஒன்றேமுக்கால் நிமிடம்.
நாலாவது தடவை, வேண்டியது ஒரே கெஜம்.
டெல்வின் யாரிடமும் பந்தைக் கொடுக்கவில்லை,
தானே பாய்ந்தான்.
மேலே ஆள், ஆள்மேல் ஆள்.
நடுவர் ஒவ்வொருவராய்ப் பிடுங்கிப்போட்டு
அடியில் கிடந்தவனிடமிருந்து பந்தை எடுத்து
ஏறக்குறைய இங்கே என்று வைத்தார்.

பதினெட்டு வருடமாய் இந்த ஓரத்தில் நிற்கிறேன்,
இதை மட்டும் வெளியே சொன்னதில்லை:
பந்தை வைப்பது கண்மதிப்பு.
அளப்பதுதான் அங்குல சுத்தம்.

சங்கிலியோடு உள்ளே ஓடினோம்.
நான் கம்பை ஊன்றினேன்.
ஓரின் விறைப்பாய் இழுத்தான்,
நூல் பிடித்ததுபோல்.
பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே
புல் தெரிந்தது.

பத்து ஆட்டம், பத்துத் தோல்வி.
டெல்வின் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.
நடுவரிசை டோக்காஹி வந்து
பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல்
தோள்கவசத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான்.
விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தார்கள்.

சங்கிலியைச் சுருட்ட
இரண்டு கம்பும் சேர வேண்டும்.
வழக்கமாய் அதைச் செய்கிற பேடர்
கன்று ஈனப்போகிறதென்று பாதியிலேயே போய்விட்டான்.
நான் நடந்தேன். அவனும் நடந்தான்.
கண்ணிகளில் பனி உறைந்து
மடிய மறுத்தன, ஒவ்வொன்றையும் தட்டவேண்டியிருந்தது.
"ஒரு சாண் இருக்குமா?" என்றான்,
சங்கிலியைப் பார்த்தபடி.
"நாலு விரல்" என்றேன்.